ரஸ்ட் கோலின் பேரேடு

காலம் ஒரு தட்டை வட்டம், நடந்ததே மறுபடி மறுபடி நடக்கும் என்கிற கருத்து, 'ட்ரூ டிடெக்டிவ்' தொடரின் முதல் பருவம் வெளியான 2014இலிருந்து அதன் நாயகன் ரஸ்ட் கோலின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பனியன்களில்கூட அச்சிட்டு விற்கிறார்கள். ஆனால் தொடரில் அதை முதலில் சொல்பவன் கோல் இல்லை. ஐந்தாம் பகுதியில், லூசியானாவின் காட்டுக்குள் போதைமருந்து காய்ச்சும் ரெஜி லெடூ, கையில் விலங்கோடு அதைச் சொல்கிறான். பிள்ளைகளைக் கடத்திவந்து அடைத்து வைத்திருப்பவன் அவன். இது என்ன, நீட்சேயா என்று கேட்டு, கெட்ட வார்த்தையோடு அவன் வாயை அடைக்கிறான் கோல். பதினேழு ஆண்டுகள் கழிந்தபின் விசாரணை அறையில் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒருவன் எப்போதோ தன்னிடம் சொன்னதாக அதே கருத்தை இரண்டு காவல் அதிகாரிகளுக்கு விளக்குகிறவனும் அவன்தான்.

பிள்ளை பிடிப்பவன் வாயிலிருந்து அவனைப் பிடித்தவன் வாய்க்கு ஒரு தத்துவம் எப்படி வந்து சேர்ந்தது? தொடரைப் பற்றி எழுதப்பட்ட பலவும் கோலின் அவநம்பிக்கைவாதத்தை ஒரு பக்கமும் அவனுடைய கூட்டாளி மார்ட்டி ஹார்ட்டின் சராசரி மனிதப் புத்தியை மறுபக்கமும் நிறுத்தி, எது வென்றது என்று பார்க்கின்றன. அந்தப் பட்டிமன்றம் தொடரிலேயே இருக்கிறது, மறுப்பதற்கில்லை. எனக்கு அதைவிடக் கூர்மையாகத் தெரிவது கோலுக்குள்ளேயே நடக்கும் பிணக்கு. அவன் பேசும் தத்துவம் இருப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அவன் வழக்குக் குறிப்புகள் எழுதும் நோட்டோ பெயர் சொல்லக்கூடிய சில மனிதர்களை ஏற்றுகிறது.

எச்பிஓவில் 2014 ஜனவரி 12 முதல் மார்ச் 9 வரை எட்டுப் பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் இது. எட்டையும் எழுதியவர் நிக் பிஸோலாட்டோ, இயக்கியவர் கேரி ஜோஜி ஃபுகுனாகா. பிஸோலாட்டோ லூசியானாவில் வளர்ந்தவர். தொலைக்காட்சிக்கு வருமுன் 'கால்வஸ்டன்' என்ற நாவலை எழுதியவர். கல்லூரிகளில் எழுத்துக்கலை கற்பித்தவர். கதை 1995 ஜனவரி 3ஆம் தேதி தொடங்குகிறது. ஈராத் என்ற சிற்றூருக்கு அருகே, தீவைத்த கரும்புத் தோட்டத்தில், மரத்தடியில் டோரா லாங் என்ற பெண்ணின் உடல் கிடைக்கிறது. தொழுவதுபோல மண்டியிட்ட நிலை, தலையில் மான்கொம்புக் கிரீடம். மாநிலக் காவல்துறையின் துப்பறிவாளர்களான கோலும் (மேத்யூ மெக்கானஹே) மார்ட்டியும் (வூடி ஹாரெல்சன்) வழக்கை எடுக்கிறார்கள். 2012இல், அதே பாணியில் இன்னொரு கொலை நடந்தபின், அதற்குள் வேலையை விட்டுவிட்டிருந்த இருவரையும் கில்பாவ், பபானியா என்ற அதிகாரிகள் தனித்தனியே கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். 1995, 2002, 2012 என்று கதை முன்னும் பின்னும் போய்வருகிறது.

தத்துவம் பேசப்படும் முதல் இடம் கார். உடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில், நீ கிறிஸ்தவனா என்று மார்ட்டி கேட்கப்போய் மாட்டிக்கொள்கிறான். மனிதத் தன்னுணர்வே பரிணாமத்தில் நேர்ந்த தவறு. இயற்கை தன்னிலிருந்தே பிளவுண்ட ஓர் உயிரைப் படைத்துவிட்டது. நாம் ஒவ்வொருவரும் 'நான்' என்று ஒருவர் இருப்பதாக நம்பிக்கொள்கிறோம், அப்படி ஒருவரும் இல்லை. இனி பிள்ளை பெறாமல், கைகோத்துக்கொண்டு அழிவை நோக்கி நடப்பதே இந்த இனம் செய்யக்கூடிய கௌரவமான காரியம் என்கிறான் கோல். அப்படியானால் காலையில் எதற்காக எழுந்திருக்கிறாய் என்று மார்ட்டி கேட்கிறான். சாட்சியாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அது என்னுள் எழுதப்பட்ட நிரல், தற்கொலை செய்துகொள்ளும் மனத்திடமும் எனக்கில்லை என்பது கோலின் பதில். இனி இந்த கார் மௌனமாகச் சிந்திப்பதற்கான இடம் என்று மார்ட்டி சட்டம் போட்டுவிடுகிறான்.

இந்தப் பேச்சுக்கு நீண்ட வம்சாவளி உண்டு. நார்வேக்காரரும் மலையேறியுமான பேட்டர் வெசல் ஸாப்ஃபே 1933இல் 'கடைசி மீட்பர்' என்ற கட்டுரையை எழுதினார். உயிருக்குத் தேவையானதைவிட அதிகமாக வளர்ந்துவிட்ட உறுப்பாக மனித அறிவைப் பார்த்தவர் அவர். கொம்பு அளவுமீறிப் பெருத்துத் தரையோடு அமுக்கப்பட்டு அழிந்த பெரிய மானை அதற்கு உவமையாகக் காட்டினார். டோரா லாங்கின் தலையில் மான்கொம்பை ஏற்றியபோது பிஸோலாட்டோ இதை நினைத்தாரோ இல்லையோ, ஸாப்ஃபேயைப் படித்தவர் கண்ணுக்கு அந்தப் படிமம் தப்பாது. ஸாப்ஃபேயைப் பரவலான ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்ததில் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் தாமஸ் லிகாட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. 2010இல் வந்த அவருடைய 'மனித இனத்துக்கு எதிரான சதி' முழுக்க இந்த வாதம்தான். கோலின் பேச்சு லிகாட்டியின் நடைக்கு அளவுக்கு மீறி நெருங்கி வருவதாக 2014 ஆகஸ்டில் பகிரங்கக் குற்றச்சாட்டு எழுந்தது. பிஸோலாட்டோவும் எச்பிஓவும் மறுத்தார்கள். லிகாட்டியின் தாக்கத்தை பிஸோலாட்டோ அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டிருந்தார். களவா கடனா என்ற வழக்கைத் தீர்ப்பது என் வேலையில்லை. பக்கங்களில் யோசனையாக இருந்த ஒன்று, மகளைப் பறிகொடுத்த தகப்பன் ஒருவனின் வாயில் ஏறும்போது என்னவாகிறது என்பதுதான் இங்கே பார்க்கவேண்டியது.

கோலின் மகள் சோஃபியா குழந்தையாக இருக்கும்போதே, வீட்டு வாசலில் மூன்றுசக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கையில் கார் மோதி இறந்தவள். திருமணம் அதோடு முறிந்தது. பிறகு அவன் போதைமருந்துக் கும்பல்களுக்குள் வேடமிட்டு நான்கு ஆண்டுகள் இருந்தான்; மனநல மருத்துவமனை ஒன்றில் கிடந்தான்; இல்லாதவற்றைக் காணும் கண்களோடு வெளியே வந்தான். இரண்டாம் பகுதியில் அவன் மகளைப் பற்றிச் சொல்வது தொடரின் மிகக் கொடூரமான ஆறுதல். வலி தெரியாமல், சந்தோஷமான குழந்தையாகவே அவள் போய்விட்டாள். பின்னால் வரவிருந்த எல்லாவற்றிலிருந்தும் தப்பித்தாள். தகப்பனாக இருக்கும் பாவத்திலிருந்து என்னையும் விடுவித்தாள் என்கிறான்.

தென்னாப்பிரிக்கத் தத்துவவாதி டேவிட் பெனட்டார் 2006இல் வெளியிட்ட நூலில் இதற்கு இணையான வாதம் ஈரமின்றி, தர்க்கமாக வருகிறது. வலி இல்லாதிருப்பது நல்லது, அந்த நன்மையை அனுபவிக்க ஆளே இல்லாவிட்டாலும். இன்பம் இல்லாதிருப்பதோ, அதை இழந்தவர் என்று ஒருவர் இருந்தால் மட்டுமே தீமை. ஆகவே பிறவாதிருப்பதே எப்போதும் லாபம். ஏட்டில் இந்தக் கணக்கு நேராகவே வருகிறது. கோல் அதைச் சொல்லும்போது மட்டும் அது கணக்காக ஒலிப்பதில்லை. ஆறாத புண்மேல் சுற்றிய துணியாக இருக்கிறது. மகள் பிறவாதிருந்தால் நல்லது என்று அவன் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் சந்தோஷமாகப் போனாள் என்கிறான். வாழ்ந்த அந்தச் சில ஆண்டுகளின் இன்பத்தைக் கணக்கில் வரவு வைத்துவிட்டுத்தான் பிறப்பை மறுக்கிறான். பெனட்டார் இந்தப் பதிவை ஏற்கமாட்டார்.

மார்ட்டிக்குத் தத்துவம் கிடையாது என்பார்கள். உண்டு, அதை அவன் சொல்வதில்லை, அவ்வளவுதான். மனிதனுக்கு எல்லை வேண்டும், குடும்பம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் வேண்டும், பேசக்கூடாத விஷயங்கள் என்று சில இருக்க வேண்டும். மனிதர்கள் தங்கள் அறிவின் பாரத்தைத் தாங்க நான்கு உபாயங்களைக் கையாள்கிறார்கள் என்றார் ஸாப்ஃபே: தொல்லை தரும் நினைவை மனதிலிருந்து தள்ளிவைப்பது, குடும்பம் தேசம் கடவுள் என்று ஏதேனும் ஒன்றில் நங்கூரமிடுவது, ஓயாமல் கவனத்தை வேறெங்கோ திருப்புவது, துயரத்தைக் கலையாகவோ சிந்தனையாகவோ உருமாற்றுவது. முதல் மூன்றும் மார்ட்டியின் அன்றாடம். மனைவி மேகி, இரண்டு பெண்பிள்ளைகள் என்று நங்கூரம் ஒரு பக்கம். அந்த நங்கூரத்தையே அறுக்கும் கள்ள உறவுகள் மறுபக்கம். இந்த வேலையின் கனத்தை வீட்டுக்குள் கொண்டுவராதிருக்க அவை தேவைப்படுவதாகத் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்கிறான். நான்காவது உபாயம் கோலுடையது. தன்னை எந்த மயக்கமும் அற்றவனாக நினைத்துக்கொள்ளும் கோலையும் ஸாப்ஃபேயின் பட்டியல் விட்டுவைக்கவில்லை. காரில் அவன் பேசுகிற பேச்சே அவன் போட்டுக்கொள்ளும் மருந்து.

மார்ட்டி இதை மோப்பம் பிடித்துவிடுகிறான் என்பதுதான் பாத்திரப் படைப்பின் அழகு. மூன்றாம் பகுதியில், கூடாரமடித்து நடக்கும் எழுப்புதல் கூட்டத்தின் ஓரத்தில் நின்று இருவரும் சச்சரவிடுகிறார்கள். பிரசங்கம் கேட்கும் ஏழை ஜனங்களைக் கோல் ஏளனம் செய்கிறான். நம்பிக்கை இல்லாவிட்டால் இவர்கள் கொலையும் களவுமாகத் திரிவார்கள் என்கிறான் மார்ட்டி. மேலுலகக் கூலிக்காக மட்டுமே ஒருவன் ஒழுங்காக இருக்கிறானென்றால் அவன் ஒழுங்கானவனே இல்லை என்று கோல் பதிலடி தருகிறான். வாதமாக எடுத்துக்கொண்டால் கோலுக்கே வெற்றி. ஆனால் அதன்பின் மார்ட்டி சொல்வது வேறொரு தளத்தில் போய் அடிக்கிறது: இருப்புக்கு அர்த்தமே இல்லை என்கிறவன் அதைப் பற்றி இவ்வளவு அலட்டிக்கொள்கிறாயே, உன் குரலில் பதற்றம் தெரிகிறதே. தத்துவம் படிக்காத ஒருவனின் வாயிலிருந்து வந்த, தொடரின் மிகச் சிறந்த தத்துவ விமர்சனம் அது.

அந்தக் கூடாரத்தின் பிரசங்கியார் ஜோயல் தெரியோவையும் மறந்துவிடக் கூடாது. இவ்வுலகம் ஒரு திரை, அதற்குப் பின்னே வேறொன்று இருக்கிறது என்று பிரசங்கித்தவர். 2002இல் கோல் அவரைத் தேடிப்போகும்போது குடித்துக் கிடக்கிறார். செல்வாக்குமிக்க மதபோதகர் டட்டிலின் நூலகத்தில், பழைய புத்தகம் ஒன்றுக்குள், குழந்தைகளின் படங்கள் செருகியிருந்ததைக் கண்டிருக்கிறார். மேலே இருந்தவரிடம் சொன்னார், அதோடு முடிந்துபோயிற்று. திரைக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துவிட்டவர் அவர். அங்கே இருந்தது கடவுள் இல்லை.

இனி லெடூவிடம் வரலாம். நடந்தது அப்படியே மீண்டும் நடக்கும் என்ற சிந்தனையை நீட்சே 1882இல் ஒரு சோதனையாக முன்வைத்தார். உன் வாழ்க்கை ஒவ்வொரு வலியோடும் எண்ணற்ற முறை திரும்ப வருமென்றால் அதை ஆமென்று ஏற்பாயா? இருப்பையே மறுத்த தத்துவவாதி ஷோப்பன்ஹவருக்கு அவருடைய பதில் அதில் இருக்கிறது. தன் வாழ்வை முழுசாக ஆமோதிக்கக் கூடியவனை அவர் தேடினார். லெடூவும் அவன் சார்ந்த வழிபாட்டுக் கும்பலும் அந்த ஆமோதிப்பை எடுத்துக்கொண்டு நரகத்துக்குப் போய்விட்டார்கள். கார்கோசா, மஞ்சள் ராஜா என்று அவர்கள் உளறும் பெயர்கள் ஆம்ப்ரோஸ் பியர்ஸின் கதையிலும் ராபர்ட் சேம்பர்ஸின் 1895ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இருந்து வந்தவை. அவர்களுக்குப் பிறர் துயரம் சடங்கு. நித்தியத்துக்குள் நுழையும் வாசல். எல்லாம் திரும்பத் திரும்ப நடக்கும் என்றால் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை, எல்லாம் ஏற்கெனவே நடந்தாயிற்று.

அதே கருத்தைக் கோல் சொல்லும்போது என்ன மாறுகிறது? பீர் தகரங்களை வெட்டிச் சின்னஞ்சிறு மனிதர்களைச் செய்து மேசையில் நிறுத்திக்கொண்டே அவன் பேசுகிறான். நம் பரிமாணத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் காலம் தட்டையாகத் தெரியும் என்கிறான். இயற்பியலிலிருந்து சொற்களைக் கடன் வாங்குகிறான். ஆனால் அவன் போய் முடிகிற இடம் இயற்பியல் இல்லை. அந்தப் பையனும் அந்தப் பெண்குழந்தையும் அந்த அறையில் மறுபடி மறுபடி என்றென்றைக்கும் இருப்பார்கள் என்று முடிக்கிறான். லெடூவின் குடிசைக்குள் கண்டெடுத்த இரண்டு குழந்தைகள் அவர்கள், பையன் இறந்துவிட்டிருந்தான். நீட்சே தன் சோதனையை வைத்தபோது தன் சொந்த வாழ்வை ஆமோதிக்கிறாயா என்று கேட்டார். கோல் அந்தக் கேள்வியை இன்னொருவரின் வலிமேல் வைக்கிறான். அந்தக் குழந்தைகளின் சார்பில் யாரும் ஆமென்று சொல்ல முடியாது. அவர்களுக்காக இல்லையென்று சொல்லத்தான் முடியும். கொலைகாரனிடமிருந்து வந்த தத்துவம் கோலிடம் வந்ததும் தலைகீழாகிவிட்டது: அவனுக்கு விடுதலையாக இருந்தது, இவனுக்குத் தண்டனை.

ஷோப்பன்ஹவர் கைகொடுக்கும் இடம் இது. உபநிடதங்களை அவர் படித்தது, தாரா ஷிக்கோவின் பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கெத்தில் துப்பெரோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1801–02இல் கொண்டுவந்த லத்தீன் வடிவத்தில். அந்த வாசிப்பின் தடம் அவர் எழுத்தில் பல இடங்களில் தென்படும். பிறவித்துயர் என்றதும் இது நமக்குத் தெரிந்த சங்கதிதானே என்று தமிழ் வாசகர் நினைக்கக்கூடும். எச்சரிக்கை வேண்டும். நம் மரபுகள் பிறவாமையை ஒரு சக்கரத்திலிருந்து விடுபடுவதாகப் பார்த்தன. லிகாட்டிக்கோ பெனட்டாருக்கோ விடுபட வேண்டிய ஆன்மாவும் இல்லை, சக்கரமும் இல்லை.

மனிதச் செயல்களுக்கு மூன்று அடிப்படை உந்துதல்களை ஷோப்பன்ஹவர் சொன்னார்: தன் நலம் நாடும் தன்முனைப்பு, பிறர் துன்பம் நாடும் வன்மம், பிறர் நலம் நாடும் கருணை. அறத்துக்கு அடிப்படை மூன்றாவது மட்டுமே என்று வாதிட்ட அந்தக் கட்டுரையை டென்மார்க்கின் அறிவியல் கழகம் நடத்திய போட்டிக்கு அனுப்பினார். வந்திருந்த கட்டுரை அது ஒன்றுதான். 1840இல் அதற்கும் பரிசு தர மறுத்துவிட்டார்கள். அவநம்பிக்கைவாதத்தின் தகப்பன் என்று கருதப்படுகிறவர் அறத்தைக் கருணையில் நிறுத்தினார் என்பதைக் கோலின் ரசிகர்கள் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். துயரமே எல்லாம் என்று உண்மையாகவே நம்புகிறவனுக்கு, எதிரே இருப்பவரின் துயரத்தைப் பார்க்காமல் இருப்பது கடினமாகிவிடும்.

ஆனால் கருணை, வன்மம், தன்முனைப்பு என்று கோல், கும்பல், மார்ட்டி மூவருக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிட முடியாது. 2002இல், தன் குழந்தைகளின் சாவுக்குக் காரணமான ஒரு தாயிடம் கோல் வாக்குமூலம் வாங்குகிறான். பரிவு சொட்டப் பேசுகிறான், கையைப் பிடித்துக்கொள்கிறான், அவளும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். காகிதத்தில் கையெழுத்து வந்ததும், உன்னைப் போன்றவர்களைச் சிறையில் சும்மா விடமாட்டார்கள், வாய்ப்புக் கிடைத்தால் செத்துவிடு என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறான். அவனுடைய தத்துவம் தன் இயல்பான முடிவுக்குப் போனால் எப்படி இருக்கும் என்பதற்குச் சாட்சி அந்தக் காட்சி. பார்க்கவே கூசுகிறது. எதிர்ப்பக்கத்தில், லெடூவின் குடிசையிலிருந்து குழந்தைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கைவிலங்கிட்ட லெடூவின் தலையில் சுடுபவன் விதிகளின் காவலனான மார்ட்டி. அடக்கமாட்டாமல் பொங்கிய அந்தப் பரிவு, லெடூவுக்கு மேலே இருந்தவர்களிடம் போகும் வழியை அடைத்துவிட்டது. இருவரும் சேர்ந்து ஒரு வீரக்கதையைச் சோடித்துச் சொல்லிப் பாராட்டுப் பெறுகிறார்கள். ஃபுகுனாகா இதைக் காட்டும் விதம் கச்சிதமானது: காதில் விசாரணை அறையின் பொய், கண்ணில் காட்டில் நடந்த உண்மை.

சக ஊழியர்கள் கோலுக்கு வைத்த பட்டப்பெயர் வரி வசூல்காரன். மற்ற துப்பறிவாளர்கள் சட்டைப்பைக்குள் அடங்கும் குறிப்புப் புத்தகம் வைத்திருக்க, அவன் மட்டும் பேரேடு அளவுக்குப் பெரிய நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைகிறான். வாயில் வருகிற தத்துவத்துக்கும் இந்தப் பேரேட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தத்துவத்தில் துயரத்துக்கு முகவரி கிடையாது. தன்னுணர்வு தவறு, பிறப்பு தவறு, காலமே தவறு. பேரேட்டிலோ துயரத்துக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, தேதி உண்டு. டோரா லாங் எந்த தேவாலயத்துக்குப் போனாள், அவள் கணவன் சிறையில் யாரோடு அடைபட்டிருந்தான், எந்தப் பள்ளி எப்போது மூடப்பட்டது என்று இரவு முழுக்கப் பழைய கோப்புகளோடு உட்கார்ந்து தேடுகிறான். எதற்கும் அர்த்தமில்லை என்பவன் செய்கிற வேலையா இது?

அந்தத் தேடல் கண்டுபிடித்துத் தரும் உலகமும் கவனிக்கத்தக்கது. மரி ஃபோண்டனோ என்ற சிறுமி காணாமல்போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. புகார் தவறுதலாகப் பதியப்பட்டது என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். நதியோரக் கிராமங்களில் டட்டிலின் அமைப்பு நடத்திய மதப் பள்ளிகள், 1992இல் ஆண்ட்ரூ புயலுக்குப்பின் கைவிடப்பட்ட கட்டடங்கள், அங்கே படித்த ஏழைப் பிள்ளைகள். அவர்கள் காணாமல் போனால் தேட ஆளில்லை. டட்டில்களில் ஒருவர் ஆளுநர், பிறகு செனட்டர். தொடரின் தொடக்கப் படங்கள் ரிச்சர்ட் மிஸ்ராக் என்ற புகைப்படக் கலைஞர் லூசியானாவின் பெட்ரோ ரசாயன மண்டலத்தில் எடுத்த படங்களிலிருந்து உந்துதல் பெற்றவை. பாட்டன் ரூஜிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை மிசிசிப்பிக் கரையில் வரிசையாக நிற்கும் அந்த ஆலைகள், வசனம் ஏதுமில்லாமல் பல காட்சிகளின் பின்புலத்தில் புகைந்துகொண்டே இருக்கின்றன. அந்தப் பகுதிக்குப் புற்றுநோய்ச் சந்து என்று பெயர். புகைக்குள் பிறந்து வளர்கிற பிள்ளையிடம், துயரம் பரிணாமத்தின் பிழை என்று சொல்வது ஆலை முதலாளிக்கு மிக வசதியான பதிலாக இருக்கும். பிரபஞ்சத்தைக் குற்றம்சாட்டுகிறவன் மாவட்ட ஷெரீஃபை விட்டுவிடக்கூடும். கோல் விடவில்லை. அவன் பேச்சைவிட அவன் நோட்டு அறிவுள்ளது.

2012இல் அவன் மார்ட்டியைத் தேடிவந்து உதவி கேட்கும்போது பயன்படுத்தும் வாதம் கடன். லெடூவைச் சுட்டதால் வழக்கை நீ கெடுத்தாய், ஆகவே உனக்குக் கடன் இருக்கிறது என்கிறான். 'நான்' என்று ஒருவருமே இல்லையென்றால் கடன்பட்டவன் யார், கடன்கொடுத்தவன் யார்? கோல் இந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்வதில்லை. மரி ஃபோண்டனோவுக்கு நேர்ந்தது பதிவான காணொலியை மார்ட்டிக்குப் போட்டுக் காட்டுகிறான். கோல் முன்பே பார்த்தாயிற்று. மார்ட்டியால் கடைசிவரை பார்க்க முடியவில்லை, அலறுகிறான். மார்ட்டி போலீஸ் வேலையையே விட்டதற்குக் காரணம், பச்சைக் குழந்தை ஒன்றின் கோரச் சாவைப் பார்த்தபின் இப்படி எதையும் இனிப் பார்க்கக் கூடாது என்று எடுத்த முடிவு. அப்படிப்பட்டவன் அந்தக் காணொலிக்குப் பிறகு கோலோடு சேர்ந்துவிடுகிறான். விவாதத்தில் யாரும் யாரையும் மாற்றவில்லை.

முடிவைப் பற்றித்தான் அதிகம் சண்டை நடந்தது. எட்டாம் பகுதியில் இருவரும் எரல் சில்ட்ரெஸ் என்ற கொலைகாரனின் பாழ்கோட்டைக்குள் நுழைகிறார்கள். சில்ட்ரெஸ் எனக்கு ஏமாற்றம். இடிந்த வீடு, அழுக்கு, பிணம், முறைகேடான உறவு என்று அமெரிக்கத் தெற்கத்தித் திகில்கதையின் அத்தனை தளவாடங்களையும் அவன்மேல் ஏற்றிவிட்டார்கள். ஏழு பகுதிகளாக அதிகாரத்தின் கட்டமைப்பைத் தோண்டிய தொடர், கடைசியில் புதருக்குள் ஒரு பூதத்தைக் காட்டி முடித்துக்கொள்ளப் பார்க்கிறது. குத்துப்பட்ட கோல் செத்துப் பிழைக்கிறான். மருத்துவமனைக்கு வெளியே சக்கர நாற்காலியில் இருந்தபடி, இருளுக்கும் கீழே வேறொரு இருளில் மகளின் அன்பை உணர்ந்ததாகச் சொல்லி அழுகிறான். வானத்தைப் பார்த்து, இருட்டுக்குத்தான் அதிக இடம் என்கிறான் மார்ட்டி. முதலில் ஒப்புக்கொள்ளும் கோல், பிறகு திருத்துகிறான்: ஒருகாலத்தில் இருட்டு மட்டுமே இருந்தது, ஆகவே வெளிச்சம் ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்கிறான். அவநம்பிக்கைவாதிக்குக் கடைசி நிமிடத்தில் ஞானஸ்நானம் செய்துவிட்டார்கள் என்று பலர் சலித்துக்கொண்டார்கள்.

அவ்வளவு எளிதாக அதைத் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். ஏழாம் பகுதியில் ஒரு கிழவி, டட்டில் குடும்பத்தில் வேலை பார்த்தவள், சாவு முடிவில்லை என்று பரவசத்தோடு சொல்கிறாள். வெளியே காரில் ஏறியதும் கோல் சொல்வது, அந்தக் கிழவி சொன்னது பொய்யாக இருந்தால் நல்லது என்பது. மரணத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்பது அவன் கொள்கை என்பதைவிட அவனுடைய வேண்டுதல். அந்தக் குழந்தைகளின் அறை என்றைக்காவது காலியாக வேண்டுமென்றால் அதற்கு வேறு வழியில்லை. செத்துப் பிழைத்தவனிடம் கிழவி சொன்னதே மெய்யாகிவிடுகிறது, ஆனால் அவன் பயந்த விதத்தில் இல்லை. முடிவுக்கு அப்பால் அறை இருக்கவில்லை, மகள் இருந்தாள். கவனித்துக் கேட்டால் அந்தப் பேச்சில் மகிழ்ச்சி கிடையாது. நான் இங்கே இருக்கக் கூடாது என்றுதான் அழுகிறான். உயிரோடு திரும்பியதையே இழப்பாகக் கருதுகிறவனை நம்பிக்கைவாதி என்று எப்படிச் சொல்வது? வெளிச்சம், இருட்டு என்ற கடைசி வசனம் எனக்கும் உவப்பில்லை. பதினேழு ஆண்டுகள் பெயர்களோடும் தேதிகளோடும் மல்லுக்கட்டியவனை அது மறுபடி முகவரியற்ற பிரபஞ்சத்துக்குள் அனுப்பிவிடுகிறது.

எட்டாம் பகுதியிலேயே, தொலைக்காட்சிச் செய்தியில், கொலையாளிக்கும் செனட்டரின் குடும்பத்துக்கும் தொடர்பு இருப்பதாக வந்த வதந்தியை அதிகாரிகள் மறுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எல்லாரையும் பிடிக்கவில்லையே என்று கோல் குமைகிறான். எல்லாரையும் பிடிக்க முடியாது, இந்த உலகம் அப்படிப்பட்டதில்லை, நம் பங்குக்கு உரியவனைப் பிடித்துவிட்டோம் என்கிறான் மார்ட்டி. எல்லையும் அளவும் உள்ள உலகத்தில் வாழப் பழகியவனின் பதில் அது. கோலைப் போன்றவனால் அதைச் சொல்லவும் முடியாது, ஏற்கவும் முடியாது. நட்சத்திரங்களைப் பற்றிய பேச்சைவிட இந்தச் சின்னப் பரிமாற்றத்தில்தான் இருவரின் தத்துவங்களும் நேருக்குநேர் நிற்கின்றன.

'நியூயார்க்கர்' விமர்சகர் எமிலி நஸ்பாம், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இதில் பெண்கள் வெறும் பிணங்களாகவும் மனைவிமார்களாகவும் வருகிறார்கள், ஆண்கள் தத்துவம் பேசுகிறார்கள் என்று சாடினார். சாடலில் பெரும்பகுதி நியாயம். மேகியாக நடித்த மிஷேல் மோனஹன் தன் பங்கைத் திறமையாகச் செய்திருந்தும், மேகி துயரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று அவளை யாரும் கேட்பதில்லை. மார்ட்டியின் மூத்த மகள் ஆட்ரியின் விஷயம் இன்னும் மோசம். இரண்டாம் பகுதியில் அவள் அறையில், ஒரு பெண்பொம்மையைச் சுற்றி ஐந்து ஆண்பொம்மைகள் நிற்கின்றன. அடுத்ததில், பள்ளியில் அவள் வரைந்த ஆபாசப் படங்கள் வீட்டுக்கு வருகின்றன. 2002இல் பதின்வயதுப் பெண்ணாகக் காரொன்றில் இரண்டு இளைஞர்களோடு பிடிபடுகிறாள், தகப்பன் அறைகிறான். 2012இல் அவள் ஓவியம் வரைவதாகவும் சில சமயம் மருந்து சாப்பிட மறந்துவிடுவதாகவும் மார்ட்டி போகிறபோக்கில் கோலிடம் சொல்கிறான். விடை கண்ணுக்கு முன்னால் இருக்க, வேறு தடயங்களைத் துரத்துவது துப்பறிவாளனுக்கு நேரும் சாபம் என்று சொன்னவனும் மார்ட்டிதான். அப்போதும் அவன் மகளை மனதில் வைத்துத்தான் சொன்னானா என்பது நிச்சயமில்லை. ஆட்ரிக்கு என்ன நேர்ந்தது என்று மார்ட்டி விசாரிக்கவில்லை. மார்ட்டியின் வீட்டில் சாப்பிட்டு, மேகியிடம் பேசி, பிள்ளைகளையும் பார்த்திருந்த கோலும் விசாரிக்கவில்லை. பிஸோலாட்டோ அதற்கு விடை எழுதவும் இல்லை; ரசிகர்கள் இன்றுவரை ஆளுக்கொரு ஊகம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.